புலனக் குழுவில் தொலைந்துபோகும் யோசனைகள்

மாணவர்களே, உங்கள் பள்ளியில் சிற்றுண்டிச்சாலை தினம் வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்காம் படிவத்து நண்பர்கள் ஐவர் சேர்ந்து ஒரு கடை போட முடிவு செய்கிறீர்கள். உடனே என்ன செய்வீர்கள்? புலனத்தில் ஒரு குழு திறப்பீர்கள். முதல் நாளிலேயே 200 செய்திகள் குவிந்துவிடும். வேடிக்கைப் படங்கள், குரல் பதிவுகள், "ஓகே", "செட்" என்ற பதில்கள். இரவு 10 மணிக்கு, அதிகம் பேசாத ஒருவர் நல்ல யோசனை ஒன்றை நான்கு வரியில் எழுதி அனுப்புவார். மறுநாள் காலையில் அது எங்கே? திரையில் மேலே, மேலே, எங்கோ மேலே போயிருக்கும். அந்த யோசனையை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் படிக்கவே இல்லை.

குழு வேலை கொடுக்கும்போதெல்லாம் வகுப்பில் நான் இதைக் கவனிக்கிறேன். யாருடைய குரல் பெரிதோ அவருடைய யோசனை மேசைக்கு நடுவே வந்துவிடும். யோசித்துப் பேசுபவர் வாயைத் திறப்பதற்குள் "சரி, முடிவு பண்ணியாச்சு" என்று எழுந்துவிடுவார்கள்.

இது மாணவர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கும் இதே தொல்லைதான். தொடக்கக் காலத்தில் அவர்களிடம் பணம் குறைவு, ஆள் குறைவு. இருக்கும் ஒரே சொத்து, நான்கைந்து பேர் தலையில் உள்ள அரைகுறை யோசனைகள். அவை தொலைந்தால் தொழிலே தொலைந்தது. பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து எழுதக்கூடிய இணையக் கருவிகள் இங்கேதான் கைகொடுக்கின்றன. கூகல் டாக்ஸ், கூகல் ஷீட்ஸ் போன்றவற்றை நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தியிருப்பீர்கள். கல்வி அமைச்சு 2020ஆம் ஆண்டில் தொடங்கிய டெலிமா கணக்கு வழியாகவே அவற்றைத் திறக்கலாம். ஆனால் பலர் அவற்றை வெறும் தட்டச்சு இயந்திரமாகத்தான் பயன்படுத்துகிறோம். அவை எதற்காக உருவாயின, உள்ளே எப்படி வேலை செய்கின்றன, எந்த இடத்தில் உதவாது என்று இவ்வாரம் பார்ப்போம்.

ஒட்டாத பசையும் 12 ஆண்டுக் காத்திருப்பும்

முதலில் இணையம் இல்லாத காலத்துக் கதை ஒன்று. 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர் வலுவான பசை ஒன்றைச் செய்ய முயன்றார். கிடைத்ததோ நேர்மாறான ஒன்று. அது இலேசாக ஒட்டும், இழுத்தால் கிழிக்காமல் பிரிந்து வரும், மறுபடியும் ஒட்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் சின்னஞ்சிறு கோளங்களாகத் தெரியும். கோளம் ஒரு தாளைத் தொடும் பரப்பு மிகக் குறைவு என்பதால்தான் அந்த இலேசான பிடிப்பு.

பசை புதுமையானதுதான். ஆனால் அதை வைத்து என்ன செய்வது? சில்வர் பல ஆண்டுகள் சக ஊழியர்களிடம் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருவருக்கும் பயன் தோன்றவில்லை.

அதே நிறுவனத்தில் ஆர்ட் ஃபிரை என்ற இன்னோர் ஊழியருக்கு வேறொரு தொல்லை. தேவாலயப் பாடகர் குழுவில் பாடும்போது, பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த துண்டுத் தாள்கள் அடிக்கடி நழுவி விழுந்தன. சில்வரின் உரை ஒன்றை முன்பு கேட்டிருந்த அவருக்கு, 1974இல் சட்டென்று இரண்டும் இணைந்தன. தாளின் ஓரத்தில் அந்தப் பசையைத் தடவினால்? அப்படிப் பிறந்ததுதான் இன்று உங்கள் பாடநூலில் மஞ்சள் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் போஸ்ட்-இட் தாள். அது அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்த ஆண்டு 1980. பசை பிறந்து 12 ஆண்டுகள் ஆகிவிட்டன.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? விடை ஒருவரிடம் இருந்தது. கேள்வி இன்னொருவரிடம் இருந்தது. இருவரும் ஒரே நிறுவனத்தில்தான் வேலை பார்த்தார்கள். ஃபிரை அந்த உரைக்குப் போகாமல் இருந்திருந்தால், இரண்டு பாதிகளும் சந்தித்தே இருக்காது. புதிய யோசனை பெரும்பாலும் இப்படிப் பாதி பாதியாகத்தான் பிறக்கிறது. பாதிகள் சந்திக்க ஓர் இடம் வேண்டும்.

பேசப் பேசக் குறையும் யோசனைகள்

"அதற்குத்தான் கூடிப் பேசுகிறோமே!" என்று நீங்கள் கேட்கலாம். விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஓஸ்போர்ன் என்ற அமெரிக்கரும் அப்படித்தான் நம்பினார். குழுவாக அமர்ந்து, யாரையும் குறை சொல்லாமல், மனத்தில் தோன்றியதையெல்லாம் கொட்ட வேண்டும் என்றார். மூளைப்புயல் என்று நாம் சொல்லும் முறையைப் பரப்பியவர் அவர்.

1958இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்தனர். ஒரு பக்கம், நான்கு நான்கு பேராகக் கூடிப் பேசிய குழுக்கள். மறுபக்கம், தனித்தனியே அமர்ந்து யோசித்தவர்கள். தனியாக யோசித்த நால்வரின் பட்டியல்களைப் பிறகு ஒன்றாகச் சேர்த்து, திரும்பத் திரும்ப வந்தவற்றை நீக்கிவிட்டு எண்ணினார்கள். கூடிப் பேசியவர்களைவிடத் தனித்தனியே யோசித்தவர்களிடம் ஏறக்குறைய இரு மடங்கு யோசனைகள் இருந்தன!

ஏன் இப்படி? 1987இல் ஜெர்மனியைச் சேர்ந்த மைக்கேல் டீல், வுல்ஃப்காங் ஸ்ட்ரோபே என்ற இரு உளவியலாளர்கள் இதற்கு விடை தேடினர். மற்றவர்கள் ஏளனம் செய்வார்களோ என்ற பயமா? "யாராவது சொல்வார்கள், நாம் ஏன் மெனக்கெட வேண்டும்" என்ற சோம்பலா? இவை இரண்டும் ஓரளவு காரணந்தான். முக்கியக் காரணம் வேறு என்று அவர்கள் கண்டார்கள். பேச்சில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேச முடியும்.

அதை அவர்கள் சோதித்த விதம் சுவையானது. பங்கேற்றவர்களைத் தனித்தனி அறைகளில் உட்கார வைத்தார்கள். சிலருக்கு ஒரு கட்டுப்பாடு: வேறு அறையில் ஒருவர் பேசும்போது விளக்கு எரியும், அது அணையும்வரை நீங்கள் பேசக்கூடாது. எதிரில் ஆள் இல்லை, ஏளனம் இல்லை, காத்திருப்பு மட்டும் உண்டு. அந்தக் காத்திருப்பே யோசனைகளின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்துவிட்டது.

நீங்களே கணக்குப் போடுங்கள். ஐந்து பேர் 20 நிமிடம் கூடிப் பேசினால், ஒருவருக்குக் கிடைப்பது சராசரி 4 நிமிடம். மீதி 16 நிமிடம் மற்றவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே, தன் யோசனையை மறந்துவிடாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும். மூளையின் தற்காலிக நினைவாற்றல் மிகச் சிறியது. கேட்பதும், பிடித்து வைப்பதும், புதிதாக யோசிப்பதும் அங்கே ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன.

1990களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் பேச்சுக்குப் பதிலாகக் கணினிகளை இணைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தம் கணினியில் ஒரே சமயத்தில் தட்டச்சு செய்யலாம்; மற்றவர் எழுதியதையும் படிக்கலாம். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. வாய்ப்பேச்சில் குழு பெரிதாகப் பெரிதாகத் தொல்லை கூடும். கணினி வழியிலோ பெரிய குழுக்கள் அதிக யோசனைகளைத் தந்தன.

விமான நிலையப் பேருந்து தந்த பெயர்

சரி, எல்லாரும் எழுத ஒரு பொதுப் பக்கம் வேண்டும். அதை இணையத்தில் முதன்முதலில் எளிமையாகச் செய்து காட்டியவர் வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர். நிரலாளர்கள் தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள 1995 மார்ச் மாதத்தில் அவர் ஓர் இணையத்தளத்தைத் தொடங்கினார். அதன் புதுமை ஒன்றே ஒன்று: பக்கத்தைப் படிப்பவர் யாராக இருந்தாலும் அதைத் திருத்தலாம். ஹவாயியின் ஹோனலூலு விமான நிலையத்தில் ஓடிய "விக்கி விக்கி" பேருந்தின் பெயரை அதற்கு வைத்தார். ஹவாயி மொழியில் விக்கி என்றால் வேகம்.

அந்த வேகம் எவ்வளவு பயன் தரும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. 2000ஆம் ஆண்டில் போமிஸ் என்ற சிறிய இணைய நிறுவனம் நூபீடியா என்ற கலைக்களஞ்சியத்தைத் தொடங்கியது. நிபுணர்கள் எழுத வேண்டும். ஏழு கட்டச் சோதனையைத் தாண்ட வேண்டும். முதல் ஆண்டில் இரண்டு டஜன் கட்டுரைகள்கூட முடியவில்லை. கரட்டு வரைவுகளைத் தயாரிக்க ஒரு பக்கவாட்டு இடம் இருந்தால் நல்லது என்று, 2001 ஜனவரி 15 அன்று விக்கி முறையில் இன்னொரு தளத்தைத் திறந்தார்கள். அதுதான் விக்கிபீடியா. அந்த ஆண்டு முடிவதற்குள் அதில் சுமார் 20,000 கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. வரைவு அறையே வீடாகிவிட்டது. பழைய வீட்டைப் பிறகு மூடிவிட்டார்கள்.

நிபுணர்கள் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். தொடக்கத்திலேயே "பிழையில்லாமல் கொண்டு வா" என்று சொன்னால் யாரும் எதையும் கொண்டு வரமாட்டார்கள் என்பதே இதன் பாடம். அரைகுறையாகக் கொண்டு வரலாம், பிறகு சேர்ந்து திருத்தலாம் என்றால், கை தானாக எழுதத் தொடங்கும்.

ஒரே வரியை இருவர் திருத்தினால்?

பலர் ஒரே நேரத்தில் ஒரு பக்கத்தில் எழுதும்போது ஏன் குழப்பம் வருவதில்லை? இதற்குள் அழகான கணிதம் ஒன்று ஒளிந்திருக்கிறது.

பொது ஆவணத்தில் இப்படி ஒரு வரி இருக்கட்டும்:

நாங்கள் – மாங்காய் – ஊறுகாய் – விற்போம்

நான்கு சொற்கள், நான்கு இடங்கள். நீங்கள் வரியின் தொடக்கத்தில் "நாளை" என்று சேர்க்கிறீர்கள். உங்கள் கணினி அனுப்பும் கட்டளை: "1ஆம் இடத்தில் 'நாளை' சேர்." அதே நொடியில் உங்கள் தோழி தம் வீட்டிலிருந்து "மாங்காய்" என்ற சொல்லை நீக்குகிறார். அவர் கணினி அனுப்பும் கட்டளை: "2ஆம் இடத்துச் சொல்லை நீக்கு."

இப்போது தோழியின் கட்டளை உங்கள் கணினிக்கு வந்து சேர்கிறது. உங்கள் திரையில் வரி ஏற்கெனவே மாறிவிட்டது: நாளை – நாங்கள் – மாங்காய் – ஊறுகாய் – விற்போம். 2ஆம் இடத்தில் இப்போது இருப்பது "நாங்கள்". கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் தவறான சொல் அழிந்துவிடும்! உங்கள் திரையில் ஒன்றும் தோழியின் திரையில் வேறொன்றும் இருக்கும்.

அதனால் மென்பொருள் வந்த கட்டளையை உடனே நிறைவேற்றாது. "இந்தக் கட்டளை புறப்பட்ட பிறகு, அதற்கு முன்பக்கத்தில் ஏதாவது மாறியதா?" என்று பார்க்கும். ஒரு சொல் புதிதாக நுழைந்திருக்கிறது. எனவே 2 என்பதை 3 என்று மாற்றிக்கொள்ளும். 3ஆம் இடத்தில் இருப்பது "மாங்காய்". அது நீங்கும். இரு திரைகளிலும் ஒரே வரி நிற்கும்: நாளை நாங்கள் ஊறுகாய் விற்போம்.

உண்மையான மென்பொருள் சொல் சொல்லாகப் பார்க்காமல் எழுத்து எழுத்தாக இதைச் செய்கிறது. இந்த வழியை 1989இல் வெளியிட்டவர்கள் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் என்ற இரு கணினி அறிவியலாளர்கள். அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் எல்லிஸ். அவர்கள் காலத்தில் இணையம் வீடுகளுக்கு வந்திருக்கவில்லை. பின்னர் 2005இல் ரைட்லி என்ற மிகச் சிறிய குழு, உலாவியிலேயே பலர் சேர்ந்து எழுதும் கருவியை வெளியிட்டது. 2006இல் கூகல் அதை வாங்கியது. கூகல் டாக்ஸ் பிறந்தது அப்படித்தான். எல்லிஸும் கிப்ஸும் காட்டிய அந்த இடம் மாற்றும் கணக்கு அதில் இன்றும் ஓடுகிறது.

இந்தக் கட்டளைகளை எல்லாம் மென்பொருள் வரிசையாகச் சேமித்தும் வைக்கிறது. அதனால்தான் "பதிப்பு வரலாறு" என்ற வசதியைத் திறந்து, நேற்று மாலை 5 மணிக்கு ஆவணம் எப்படி இருந்தது என்று பார்க்க முடிகிறது. யாராவது தவறாக அழித்துவிட்டால் மீட்டுக்கொள்ளலாம். பிழை செய்தால் பெரிய நட்டம் இல்லை என்று தெரியும்போது, துணிந்து முயலும் மனம் வரும். தொழில் தொடங்குபவருக்கும் அறிவியல் மாணவருக்கும் அந்தத் துணிவு மிகவும் தேவை.

10 இணைப்புகளா, 5 இணைப்புகளா?

ஐந்து பேர் ஒருவருக்கொருவர் தனித்தனியே கோப்பு அனுப்பிக்கொண்டால் எத்தனை இணைப்புகள்? ஐந்து புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் கோடுகளால் இணைத்துப் பாருங்கள். 10 கோடுகள் வரும். பத்துப் பேர் என்றால் 45 கோடுகள். ஆள் எண்ணிக்கை இரு மடங்கானால், இணைப்பு நான்கு மடங்குக்கும் மேல் போகிறது. "ஃபைனல்", "ஃபைனல் 2", "ஃபைனல் பெத்துல்" என்று கோப்புகள் பெருகுவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். நடுவில் ஒரு பொதுப் பக்கத்தை வைத்து, எல்லாரும் அதனுடன் மட்டும் இணைந்தால்? ஐந்து பேருக்கு 5 கோடு, பத்துப் பேருக்கு 10 கோடு. அவ்வளவுதான்.

இந்தப் பொது நினைவின் மதிப்பைத் தற்செயலாகக் கண்டுபிடித்த குழு ஒன்று உண்டு. ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் நண்பர்களும் கிளிட்ச் என்ற இணைய விளையாட்டை உருவாக்கினார்கள். குழுவினர் வெவ்வேறு நகரங்களில் இருந்ததால், தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு கருவியையும் செய்துகொண்டார்கள். பேசியது எல்லாம் அதில் பதிவாகும். எப்போது வேண்டுமானாலும் தேடி எடுக்கலாம். விளையாட்டுக்குப் போதிய ஆட்கள் சேரவில்லை. 2012 இறுதியில் அதை மூடினார்கள். ஆனால் தங்களுக்காகச் செய்துகொண்ட கருவி இல்லாமல் இனி வேலை செய்ய முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதையே மெருகேற்றி 2014இல் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அதுதான் ஸ்லாக். 2021இல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் அதைச் சுமார் 2,770 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. தோற்றுப்போன விளையாட்டின் சமையலறையில் இருந்த பாத்திரம், விளையாட்டைவிடப் பெரிய பொருளாகிவிட்டது!

தொழில் யோசனையும் ஒரு கருதுகோளே

இனி நாம் எப்படிப் பயன்படுத்துவது? ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் குழு சிற்றுண்டிச்சாலைக் கழிவிலிருந்து மக்கிய உரம் செய்து, வீட்டில் மிளகாய்ச் செடி வைத்திருக்கும் பெற்றோருக்கு விற்க நினைக்கிறது.

நல்ல யோசனைதான். ஆனால் அதற்குள் எத்தனை ஊகங்கள் ஒளிந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பெற்றோர் வாங்குவார்கள் என்பது ஓர் ஊகம். 1 கிலோவுக்கு 3 ரிங்கிட் தருவார்கள் என்பது இன்னோர் ஊகம். நாற்றமில்லாமல் பள்ளியில் செய்ய முடியும் என்பது மூன்றாவது. அறிவியல் பாடத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு: கருதுகோள். சோதிக்காத கருதுகோளை யாரும் முடிவாக எழுதுவதில்லை. தொழிலிலும் அப்படியே.

ஒரு பொது விரிதாளைத் திறந்து நான்கு கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டம், நாம் நம்புவது. இரண்டாவது, எப்படிச் சோதிப்போம். மூன்றாவது, என்ன கண்டோம். நான்காவது, இனி எதை மாற்றுவோம். ஒவ்வோர் ஊகத்துக்கும் ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் பொறுப்பானவர் பெயர்.

உரத்தின் வரிசையைப் பார்ப்போம். காய்கறித் தோலிலும் பச்சைப் புல்லிலும் நைட்ரஜன் ஒப்பளவில் அதிகம். காய்ந்த இலையிலும் அட்டைப்பெட்டியிலும் கார்பன் அதிகம். நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்ய, நைட்ரஜன் 1 பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு இருப்பது ஏற்றது. நைட்ரஜன் மிகுந்தால் அமோனியா நாற்றம் வரும். கழிவும் காய்ந்த இலையும் கலக்கும் அளவை மாற்றி மூன்று வாளிகளில் சோதியுங்கள். இலையின் அளவு தற்சார்பு மாறி; நாற்றமும் மக்கும் நாளும் சார்பு மாறி; வாளியின் அளவும் வைக்கும் இடமும் கட்டுப்படுத்தப்பட்ட மாறி. திங்கட்கிழமை பார்த்தவர் திங்கட்கிழமையே எழுதட்டும். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு வராதவரும் வீட்டிலிருந்து படித்துக்கொள்ளலாம்.

பெற்றோர் வரிசைக்குக் கூகல் ஃபார்ம் உதவும். ஆனால் கேள்வியைக் கவனமாகக் கேளுங்கள். "உரம் விற்றால் வாங்குவீர்களா?" என்றால், பிள்ளைகள் மனம் நோகக்கூடாது என்று எல்லாரும் "ஆம்" என்பார்கள். "சென்ற மாதம் செடிக்கு உரம் வாங்கினீர்களா? எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் உண்மை வெளிவரும். "இப்போதே ஒரு பை முன்பதிவு செய்கிறீர்களா?" என்பது இன்னும் உறுதியான சோதனை.

டிராப்பாக்ஸ் நிறுவனர் டுரூ ஹூஸ்டன் இதைத்தான் செய்தார். கோப்புகளை இணையத்தில் பகிரும் தம் மென்பொருள் முழுமையாகத் தயாராவதற்கு முன்பே, 2008இல் அது எப்படி வேலை செய்யும் என்று காட்டும் சிறு காணொளியை வெளியிட்டார். ஒரே இரவில் காத்திருப்போர் பட்டியல் 5,000 பேரிலிருந்து 75,000 பேராக உயர்ந்தது என்று அவர் பின்னர் சொன்னார். மக்களுக்கு இது தேவை என்ற கருதுகோளுக்குச் சான்று கிடைத்துவிட்டது. அதன் பிறகு உழைப்பைக் கொட்டலாம்.

கருவி செய்யாத வேலைகள்

கருவியைப் புகழ்ந்தே முடித்துவிட்டால் அது அறிவியல் கட்டுரை ஆகாது. எச்சரிக்கைகளையும் பார்ப்போம்.

முதலாவது, திரை வழியாக நடப்பதெல்லாம் நன்மை இல்லை. 2022இல் நேச்சர் ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வில், காணொளி வழியாகச் சந்தித்த இணையர்கள், நேரில் சந்தித்தவர்களைவிடக் குறைவான யோசனைகளையே தந்தார்கள். கண் திரையிலேயே நிலைத்துவிடுவதால் சிந்தனையும் குறுகிவிடுகிறது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஆனால், வந்த யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் காணொளிக் குழுக்கள் பின்தங்கவில்லை. ஆகவே, "இணையம் நல்லதா, நேரில் நல்லதா?" என்று கேட்பதைவிட, "இந்த வேலைக்கு எது ஏற்றது?" என்று கேளுங்கள். தனியாக யோசித்துப் பொதுப் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு கூடி அமர்ந்து, எழுதியதை முன்னால் வைத்துப் பேசுங்கள்.

இரண்டாவது, பகிரும் இணைப்பு ஒரு வீட்டுச் சாவி மாதிரி. பார்க்க மட்டும், கருத்துச் சொல்ல மட்டும், திருத்த என்று மூன்று வகை அனுமதி உண்டு. குழுவில் இல்லாதவருக்குத் திருத்தும் அனுமதி வேண்டாம். கணக்கெடுப்பில் அடையாள அட்டை எண், வீட்டு முகவரி போன்றவற்றைக் கேட்காதீர்கள். தேவையில்லாத தகவலைச் சேர்க்காமல் இருப்பதே சிறந்த பாதுகாப்பு.

மூன்றாவது, உங்கள் குழு உண்மையிலேயே புதிய ஒரு கருவியையோ செய்முறையையோ கண்டுபிடித்தால், அதை உலகுக்கே திறந்துவிடும் முன் ஆசிரியரிடம் பேசுங்கள். காப்புரிமை கிடைக்க, கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டால் அந்த உரிமைக்கு ஆபத்து வரலாம். குழுவுக்குள் திறந்த பக்கம், வெளியே மூடிய கதவு. தொடக்கக் காலத்தில் இதுவே பாதுகாப்பான வழி.

நான்காவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. யோசனையைச் சொன்னவர் ஒருவர், மேடையில் பரிசு வாங்குபவர் இன்னொருவர் என்பது பள்ளியிலும் நடக்கிறது, தொழிலிலும் நடக்கிறது. பதிப்பு வரலாறு யார், எப்போது, எதை எழுதினார் என்பதைக் காட்டும். ஆனால் வரலாற்றைத் திறந்து பார்க்கும் நேர்மை மனிதர்களிடம்தான் இருக்க வேண்டும். ஒரு முறை உழைப்பு மறைக்கப்பட்ட மாணவர் அடுத்த முறை யோசனை சொல்லமாட்டார். நட்டம் அவருக்கு மட்டுமில்லை, முழுக் குழுவுக்கும்தான்.

இவ்வாரம் செய்து பாருங்கள்

யேல் ஆய்வை உங்கள் வகுப்பிலேயே சிறிய அளவில் செய்யலாம். எட்டுப் பேர், ஒரு கடிகாரம், ஒரு பொது ஆவணம் போதும்.

1. எட்டுப் பேரையும் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரியுங்கள். நண்பர்கள் தாமாகச் சேர்ந்துகொண்டால் சோதனை நியாயமாக இராது.

2. இரு குழுவுக்கும் ஒரே கேள்வி: "பள்ளியில் வீணாகும் ஒரு பொருளை வைத்து என்ன தொழில் செய்யலாம்?" நேரம் 10 நிமிடம்.

3. முதல் குழு கூடிப் பேசட்டும், ஒருவர் குறிப்பெடுக்கட்டும். இரண்டாம் குழுவில் நால்வரும் பேசாமல், ஆளுக்கொரு தாளில் எழுதட்டும்.

4. இரண்டாம் குழுவின் தாள்களைப் பொது ஆவணத்தில் சேர்த்து, ஒரே யோசனை இரு முறை வந்திருந்தால் ஒன்றை நீக்குங்கள். முதல் குழுவின் பட்டியலையும் அப்படியே சுத்தம் செய்யுங்கள்.

5. எண்ணுங்கள். பிறகு குழுக்களை மாற்றி, வேறொரு கேள்வியுடன் மறுபடி செய்யுங்கள். ஒரு முறை கிடைத்த முடிவு தற்செயலாக இருக்கலாம்.

எண்ணிக்கையுடன் இன்னொன்றையும் கவனியுங்கள்: எழுதிய குழுவில் வந்த யோசனைகளில், வழக்கமாக வகுப்பில் வாய் திறக்காதவர் எழுதியவை எத்தனை? அந்த எண்ணையும் விரிதாளில் ஒரு கட்டம் போட்டுக் குறித்து வையுங்கள்.